இன்று மட்டும் பூசணி சூப்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சின்னவள் கத்தியைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எறிந்தாள்.

"அத்தான், இன்னிக்கு ஆறு மணிக்கு அந்த ஓட்டல்காரர் போன் பண்ணுவார். வரேன்னு சொல்லிடப் போறேன்."

நான் பீர் குழாய்களின் மூக்கைக் கழற்றி வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றேன்.

"சரியா?"

"வேற என்ன சொல்ல?"

"என்ன சொல்றதுன்னே தெரியாம பதினோரு மாசம் ஓட்டிட்டீங்க. இன்னும் எட்டு மணி நேரம்தானே. அதையும் ஓட்டிடுங்க."

கத்தியை எடுத்துக் கழுவினாள். இரண்டாவது பூசணியைப் பலகையில் ஏற்றினாள். அது உருண்டு கீழே விழுந்தது. தரையில் விழுந்தும் உடையவில்லை.

"பாத்தீங்களா? குண்டு போட்டாலும் உடையாது. இத நான் வெட்டணும்."

போன சனிக்கிழமை ஒருவர் மூலை மேசையில் உட்கார்ந்து, ஒன்றுக்கு இரண்டு கிண்ணம் சூப் குடித்துவிட்டுப் போனார். அவர்தான் அந்த ஓட்டல்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டலின் மேலாளர். போகும்போது சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, சின்னவளிடம் தன் முகவரி அட்டையைக் கொடுத்தார். தலைமைச் சமையல் வேலை. ஒரு வாரம் யோசித்துச் சொல்லச் சொன்னார். அந்த வாரம் இன்றோடு முடிகிறது.

அவள் போய்விட்டால் சமையலறை மூடும். சமையலறை மூடினால் இங்கே மிஞ்சுவது பீரும் நானும் மாமாவும். பீருக்காக யாராவது வரலாம்.

எங்கள் பப் பெரிதொன்றும் இல்லை. பதினான்கு மேசை, ஒரு கவுன்டர், நான்கு பீர் குழாய், மூலையில் ஓரடி உயர மேடை. சனிக்கிழமை மாலைகளில் அந்த மேடையில் பாட்டு. கடை மாமாவுடையது. மாமா என்றால் என் மனைவியின் அப்பா. அவருக்கு இரண்டு மகள்கள். சின்னவள் சமையல். பெரியவள் என் மனைவி. சாப்பாட்டுப் பட்டியல், பாட்டுக்காரர்களைப் பிடித்து வருவது, தேவைப்பட்டவர்களிடம் சண்டை போடுவது எல்லாம் பெரியவளின் வேலை. இப்போது பட்டியல் தவிர மற்றவை பங்கு பிரிந்துவிட்டன. பாட்டுக்காரர்கள் எனக்கு வந்தார்கள். சண்டை சின்னவளுக்குப் போனது.

பட்டியல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேடைக்கும் கவுன்டருக்கும் நடுவில் ஒரு கரும்பலகை. எட்டு வரிகள். தினமும் காலையில் பெரியவள் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவாள். கடைசியாக அவள் எழுதிய அன்று, காய்கறிக்காரர் உருளைக்கிழங்குக்குப் பதிலாக இரண்டு மூட்டை மஞ்சள் பூசணியை இறக்கிவிட்டுப் போயிருந்தார். அவள் போனில் அவரைக் கிழி கிழியென்று கிழித்தாள். பிறகு எட்டாவது வரியில் 'இன்று மட்டும்: பூசணி சூப்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு வாங்கப் போனாள். சந்தை வளைவில் ஒரு லாரி வந்தது. அவ்வளவுதான்.

பதினைந்து நாள் கழித்துக் கடையைத் திறந்தோம். பலகையை யாரும் துடைக்கவில்லை. துடைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. முதலில் வந்து உட்கார்ந்தவர் சூப் கேட்டார். பூசணி மூட்டை அப்படியே இருந்தது. சின்னவள் செய்து கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த 'இன்று மட்டும்' பதினோரு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது.

இதில் நான் செய்கிற ஒரு காரியம் உண்டு. சாக்பீஸ் எழுத்து நிற்காது. சமையலறை ஆவி, ஈரக் கை, உரசிப் போகும் தோள் எல்லாம் அதைத் தின்னும். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. நான் தனியாக வந்து, மங்கிய இடங்களில் அவள் எழுத்தின் மேலேயே எழுதிவிட்டுப் போவேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும். எழுத்துகள் வாரத்துக்கு வாரம் பருத்துக்கொண்டே வருவதுபோல் தோன்றும். என் கை கனம் என்று நினைத்துக்கொள்வேன்.

பன்னிரண்டு மணிக்கு மாமா வந்தார். வந்ததும் கவுன்டருக்குள் போய் ஒரு கிளாசை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். சின்னவள் ஏப்ரனோடு வந்து எதிரில் நின்றாள்.

"அப்பா."

மாமா துடைத்தார்.

"அப்பா, அதே கிளாசை நாலாவது தடவ துடைக்கிறீங்க."

"அழுக்கா இருக்கு."

"அழுக்கு உங்க மூக்குக்கண்ணாடியில இருக்கு."

மாமா கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைத்தார். "என்ன வேணும் உனக்கு?"

"போர்டத் துடைக்கணும். புதுசா எழுதணும். மீன் வறுக்கணும், கோழி சுடணும், எதையாவது பண்ணணும். பூசணி மட்டும் வேணாம்."

"வர்றவங்க கேக்கறாங்களே."

"எழுதி வெச்சா கேக்கத்தான் செய்வாங்க. செங்கல் சூப்னு எழுதிப் பாருங்க, ரெண்டு பிளேட் குடும்பாங்க."

"இப்ப என்ன அவசரம்?"

"அவசரமா! பூசணி சீசனே முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப வர்றதெல்லாம் கிடங்குல கெடந்த கல்லு. என் மணிக்கட்டப் பாருங்க."

மாமா பார்த்தார். வலது கையில் எலாஸ்டிக் பட்டை. பட்டைக்கு மேலே வீக்கம்.

"டாக்டர்கிட்ட காட்டேன்."

"காட்டியாச்சு. பூசணி வெட்டாதன்னு சொன்னார்."

மாமா என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, அந்த மைக் கேபிள் சரியாயிடுச்சா?"

"அத்தான், நீங்களாவது வாயத் திறங்க" என்றாள் சின்னவள்.

திறந்தேன். "மூணாவது மைக் கொஞ்சம் கரகரங்குது, மாமா."

சின்னவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்ல ஜோடி. ரெண்டு பேரையும் சேத்து ஃபிரேம் போட்டுச் சுவர்ல மாட்டலாம்."

உள்ளே போனாள். பாத்திரங்கள் பேசத் தொடங்கின.

அவளும் முயலாமல் இல்லை. நான்கு மாதம் முன்பு ஒருநாள், பூசணிக்குப் பதிலாகக் கேரட்டைப் போட்டுச் செய்தாள். நிறம் அதே நிறம். யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாமா மட்டும் ஒரு கரண்டி வாயில் வைத்தார், கிண்ணத்தை மெதுவாகத் தள்ளினார், "இது அது இல்ல" என்றார். தினமும் மதியம் இரண்டு கிண்ணம் குடிப்பவர். நாக்கு பழகியிருந்தது. மறுநாள் மறுபடியும் பூசணி.

மூன்று மணிக்குச் சமையலறைக்குள் போனேன். சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சின்னவள் தன் சொந்தக் கத்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, கான்வாஸ் துணியில் அடுக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து கத்தி. ஆறாவது மட்டும் வெளியே இருந்தது. அது இன்றைய வேலைக்கு.

"நெஜமாவே போறியா?"

"இல்ல, கத்திங்களத் தூங்க வெக்கறேன்."

"மாமா தாங்க மாட்டார்."

"அவர் தாங்க மாட்டார்னு நீங்க சொல்றீங்க. நீங்க தாங்க மாட்டீங்கன்னு அவர் சொல்றார். நடுவுல நான் மட்டும் இரும்பா?" சுருட்டிய துணியைக் கட்டினாள். "அத்தான், நான் கேக்கறது ஒரு வாளித் தண்ணி, ஒரு துணி. ரெண்டு பேர்ல ஒருத்தர் 'துடைச்சுக்கோ'ன்னு சொன்னா போதும். நானா துடைச்சா, அக்காவ அழிச்சவ நான்னு ஆயிடும்."

உப்பு டப்பாவை எடுத்து, அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நான்கு மணிக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார். தினமும் வருகிறவர். பலகையைப் பார்த்துத்தான் உட்காருவார்.

"சூப்."

"தினமும் அதேதானா?" என்றேன். இதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை.

"இன்னிக்கு மட்டும்னு போட்டிருக்கீங்களே, தம்பி. நாளைக்குக் கெடைக்காதோன்னு பயம்."

ஐந்தே காலுக்குப் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். எப்போதும் மூன்று பேர். பாடுகிற பெண், கிதார்காரர், தாளத்துக்கு ஒருவர். இன்று நான்காவதாக ஒரு நெட்டையன், அவனைவிட நெட்டையான டபுள் பாஸ் பெட்டியோடு. ஆள் உயர வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இரண்டு ஆள் அகலம்.

"போன்ல மூணு பேர்னீங்க" என்றேன்.

"இவன் சும்மா ஓரமா நிப்பான் சார்" என்றாள் பாடுகிறவள்.

"அது ஓரமா நிக்குமா?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்."

என் மேடையில் அட்ஜஸ்ட் பண்ண இடம் இல்லை. ஒலி மிக்ஸர் மேசையை அரையடி நகர்த்தினேன். ஸ்பீக்கரைத் திருப்பினேன். மூன்றாவது மைக் கரகரத்தது. கேபிளை மாற்றக் குனிந்தேன். நெட்டையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினான்.

"பாத்து!" என்று தபால்காரர் கத்தினார்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. சர்ரென்று ஒரே தேய்ப்பு.

நிமிர்ந்தேன். பெட்டியின் கறுப்புத் தோலில் ஒரு வெள்ளைப் பட்டை. பலகையில் எட்டாவது வரியின் நடுவில் கறுப்பு. 'இன்று மட்டும்:' இருந்தது. கடைசியில் 'சூப்' இருந்தது. பூசணி போய்விட்டது.

"சாரி சார்" என்றான் நெட்டையன். "மெனுதானே? எழுதிக்கலாம்ல?"

நான் மேடையிலிருந்து குதித்தேன். கவுன்டர் பக்கமிருந்து மாமா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பலகையின் முன்னால் வந்து நின்றோம். இரண்டு பேரும் கையைத் தூக்கினோம்.

என் கையில் சாக்பீஸ். அவர் கையிலும் சாக்பீஸ்.

"நீங்க எதுக்கு இத வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை?"

"நீங்க எதுக்கு மாமா?"

அவர் சாக்பீசைப் பார்த்தார். "வியாழக்கிழமை" என்றார். "காலைல கொஞ்சம் சீக்கிரம் வருவேன்."

"நான் திங்கக்கிழமை."

எழுத்து ஏன் பருத்தது என்று இப்போது தெரிந்தது.

"ஆச்சா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சமையலறை வாசலில் சின்னவள், கையில் கரண்டியோடு. "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கண்டுபிடிச்சாச்சா?"

"உனக்குத் தெரியுமா?" என்றார் மாமா.

"சாக்பீஸ் டப்பா தானா ரொம்பிக்குதுன்னு நெனச்சீங்களா? நான்தான் வாங்கிப் போடறேன். இவர் திங்கக்கிழமை, நீங்க வியாழக்கிழமை." கரண்டியால் அடுப்பு இருக்கும் பக்கம் காட்டினாள். "நான் தினமும்."

சூப் அங்கே கொதித்துக்கொண்டிருப்பது கேட்டது.

"அக்கா அந்தக் காய்கறிக்காரர் மேல இருந்த கோவத்துல எழுதினா. ஒரு நாள் கோவம், அப்பா. சாயங்காலத்துக்குள்ள அவளே மறந்திருப்பா. அத நாம மூணு பேரும் சேந்து..."

"அம்மா" என்றார் தபால்காரர், "இன்னொரு கிண்ணம் சூப் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. உக்காருங்க."

மாமா பலகையின் பக்கம் திரும்பினார். அழிந்த இடத்துக்கு நேராகச் சாக்பீசைக் கொண்டுபோனார். கை நின்றது. பதினோரு மாதமும் நாங்கள் செய்தது ஏற்கெனவே இருந்ததன் மேல் எழுதுவது. இப்போது அடியில் ஒன்றும் இல்லை.

கையை இறக்கினார். "நீங்க எழுதுங்க மாப்பிள்ளை. உங்களுக்கு அவ கையெழுத்து நல்லாத் தெரியும்."

நான் சாக்பீசை வைத்தேன். முதல் எழுத்தை அவள் மேலிருந்து தொடங்குவாளா, சுழியிலிருந்தா? நாற்பது திங்கட்கிழமைகளுக்கு மேல் அதே கோட்டில் போன கை. தெரியவில்லை. பலகையில் ஒரு புள்ளி விழுந்தது. அதையும் விரலால் அழித்தேன்.

"தெரியல" என்றேன்.

மாமா என் தோளைத் தொட வந்தார். பாதியில் கையை எடுத்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் ஆறைத் தொட்டது. சின்னவளின் ஏப்ரன் பையில் போன் அடித்தது.

அவள் உடனே எடுக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான்காவது மணிக்கு எடுத்தாள்.

"சொல்லுங்க சார்... ஆமா, யோசிச்சேன்... வரலாம்னுதான்..."

மாமா பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் அந்தப் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தது. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. புருவம் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டாள். கரண்டியால் தன் நெற்றியை மெல்லத் தட்டினாள், இரண்டு தடவை.

"ஒரு வாரம் டைம் குடுங்க சார். அடுத்த சனிக்கிழமை, இதே நேரம், நானே சொல்றேன்."

போனைப் பையில் போட்டாள்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"வேலை உறுதியாம். உடனே சேரலாமாம். மெனுகூட அச்சுக்குக் குடுத்துட்டாங்களாம். முதல் ஐட்டம் என்னன்னு கேளுங்க."

மாமா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மேடையில் மைக் சோதித்துக்கொண்டிருந்த பெண், மைக்கிலேயே கேட்டாள்: "என்னக்கா?"

"பூசணி சூப்."

ஸ்பீக்கர் ஊளையிட்டது. நான் ஓடிப்போய்க் குறைத்தேன். திரும்பிப் பார்த்தபோது மாமாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத சிரிப்பு. பதினோரு மாதத்தில் முதல் தடவை.

"சிரிங்க" என்றாள் சின்னவள். "என் தலையெழுத்து உங்களுக்கு வேடிக்கை." அவளுக்கும் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள். சமையலறைக்குள் போய் ஒரு வாளியோடும் ஈரத் துணியோடும் வந்தாள். துணியை என் கையில் திணித்தாள்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள இந்த போர்டுல எட்டு வரியும் புதுசா இருக்கணும். இருந்தா நான் இங்க இருக்கேன். இல்லேன்னா அங்கயே போய் வெட்டிக்கறேன். அங்க வெட்டறதுக்கு மெஷினாவது இருக்கும். இன்னிக்கு ஒரு வரி போதும். துடைங்க அத்தான்."

மாமாவைப் பார்த்தேன். அவர் கவுன்டருக்குத் திரும்பி ஒரு கிளாசை எடுத்துவிட்டார். ஆனால் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"துடைச்சிடுங்க மாப்பிள்ளை" என்றார், கிளாசிடம்.

துடைத்தேன். 'இன்று மட்டும்' போனது. 'சூப்' போனது. அடியில் இழுத்த இரண்டு கோடு மட்டும் லேசில் போகவில்லை. மூன்று பேரின் சாக்பீஸ் அதில் ஏறியிருந்தது. அழுத்தித் தேய்த்தேன். போனது.

துணியை வாளியில் போட மனம் வரவில்லை. சின்னவள் அதைப் பிடுங்கி வாளியில் போட்டாள்.

"எழுதுங்க."

"என்ன எழுத?"

"அது உங்க கவலை. அக்கா என்கிட்ட கேட்டுட்டா எழுதினா? காலைல வந்து பாத்துத் தலைல அடிச்சுக்கிட்டுதான் சமைப்பேன். அப்படியே எழுதுங்க."

'நாளை' என்று எழுதினேன். என் எழுத்து. வலது பக்கம் சரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மீனா, கோழியா? எனக்கு எது பிடிக்கும் என்பதுகூட நினைவில் இல்லை.

"மாப்பிள்ளை" என்றார் மாமா கவுன்டரிலிருந்து. "எத வேணா எழுதுங்க. பூசணி மட்டும் வேணாம். எனக்கு அது சின்ன வயசுலேருந்தே ஆகாது."

சமையலறைக்குள் ஒரு காலை வைத்திருந்த சின்னவள் அப்படியே நின்றாள். மெதுவாகத் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"பிடிக்காது."

"அப்பா! தினமும் ரெண்டு கிண்ணம் குடிச்சீங்களே! கேரட் போட்டதுக்குத் தள்ளி வெச்சீங்களே!"

மாமா கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எழுதியிருந்துதே" என்றார்.

மேடையில் தாளம் தொடங்கியது. நெட்டையன் தன் ஆள் உயர வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். நான் 'நாளை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு நின்றேன். மேலே ஏழு வரிகள் இன்னும் பெரியவளுடையவை.